கண்ணாடிக்குள் ஒளி ஏன் தாமதிக்கிறது? ஐந்து விளக்கங்களில் எதை எடுப்பது?

வெற்றிடத்தில் ஒளி வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் போகிறது. தண்ணீருக்குள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர், சாதாரணக் கண்ணாடிக்குள் 2,00,000, வைரத்துக்குள் 1,24,000. இந்த எண்களில் யாருக்கும் தகராறு இல்லை. ‘ஏன்?’ என்று கேட்டதும்தான் தகராறு தொடங்குகிறது.

வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள், நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள், பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விழிக்கும் பெற்றோர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. தேடிப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒத்துவராத நான்கைந்து பதில்கள் கிடைக்கின்றன. ஒளி அணுக்களில் மோதி மோதிப் போகிறது என்கிறார் ஒருவர். அணுக்கள் அதை விழுங்கி மறுபடி உமிழ்கின்றன என்கிறார் இன்னொருவர். ஒளி மெதுவாவதே இல்லை, அது வெறும் தோற்றம் என்று அடித்துச் சொல்கிறார் மூன்றாமவர். எதைப் பிடித்துக்கொள்வது?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைப் பொறுத்தவரை நான்காவதாக வரும் ‘அலைகளின் கூட்டு’ என்ற விளக்கம்தான் தேறுகிறது. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடமும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. தோற்றுப்போகும் விளக்கங்களில் இரண்டுக்கு வேறு இடங்களில் முறையான வேலை இருக்கிறது. அவற்றைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்து திணிப்பதால்தான் குழப்பம்.

## எதை வைத்து எடைபோடுவது

நல்ல விளக்கம் ஐந்து சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

உருவம் கலங்கக்கூடாது. சன்னல் கண்ணாடி வழியே எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகையின் சின்ன எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது. கோடானுகோடி அணுக்களைத் தாண்டி வந்த ஒளி, திசை மாறாமல் வந்திருக்கிறது. விளக்கம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும் பழைய வேகம். கண்ணாடியின் மறுபக்கத்தைத் தொட்ட கணமே ஒளி தன் முழு வேகத்தில் இருக்கிறது. பிடித்துத் தள்ளியவர் யாரும் இல்லை.

நிறத்துக்கு நிறம் வேறுபாடு. கண்ணாடி வகை ஒன்றுக்குச் சிவப்பில் ஒளிவிலகல் எண் (வெற்றிட வேகம் பொருளுக்குள் உள்ள வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 1.51 என்றால், ஊதாவில் 1.53 இருக்கும். ஊதா அதிகம் தாமதிக்கிறது. முப்பட்டகத்தில் நிறங்கள் பிரிவது இதனால்தான்.

தாமதத்தின் அளவு. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. 1 சென்டிமீட்டர் வெற்றிடத்தைக் கடக்க ஒளிக்கு 33 பிகோவினாடி ஆகிறது. ஒரு பிகோவினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதே தடிமன் கண்ணாடியைக் கடக்க 50 பிகோவினாடி. ஆக, விளக்க வேண்டிய தாமதம் வெறும் 17 பிகோவினாடி. அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது.

வெற்றிடத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒளி பரவ ஏதோ ஒரு ஊடகம் வேண்டும், அதற்கு ஈதர் என்று பெயர் என 19-ஆம் நூற்றாண்டு நம்பியது. 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் செய்த சோதனையில் அந்த ஈதரின் தடயமே கிடைக்கவில்லை. மாறும் மின்புலம் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கிறது, மாறும் காந்தப்புலம் மின்புலத்தைப் பிறப்பிக்கிறது; மாக்ஸ்வெல் 1865-இல் எழுதிக்காட்டிய இந்தப் பரிமாற்றத்துக்குத் தாங்கிப்பிடிக்கப் பொருள் எதுவும் தேவையில்லை. எனவே தடையில்லாத ஓட்டமே ஒளியின் இயல்பு. பொருள் அதில் என்ன மாற்றம் செய்கிறது என்று விளக்கினால் போதும்.

ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை நான் சோதனையாகச் சேர்க்கவில்லை. காரணம் இருக்கிறது. நியூட்டன் ஒளியைத் துகள்களாகக் கொண்டார். அடர்ந்த பொருள் அவற்றை உள்ளே இழுக்கிறது, அதனால் அங்கே அவை வேகம் கூடுகின்றன என்றார். ஹைகன்ஸ் அலை என்றார். பொருளுக்குள் அலை மெதுவாகிறது என்றார். வளையும் கோணத்துக்கான ஸ்நெல் விதி இரண்டிலிருந்தும் பிசகாமல் வந்துவிடுகிறது! நூறாண்டுக்கு மேல் இழுத்த இந்த வழக்கை 1850-இல் ஃபூக்கோ தீர்த்து வைத்தார். சுழலும் முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு, காற்றைவிடத் தண்ணீரில் ஒளி மெதுவாகவே போகிறது என்று காட்டினார். கோணம் சரியாக வந்துவிட்டது என்பதற்காக ஒரு விளக்கத்தை நம்பிவிடக்கூடாது.

இவை தவிர இரண்டு செலவுகளையும் பார்க்க வேண்டும்: கேட்பவருக்கு முன்கூட்டியே எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், பின்னாளில் எவ்வளவை மறக்க வேண்டியிருக்கும். இரண்டாவது செலவு பெரும்பாலும் கண்ணில் படாது.

## 1. எண்ணோடு நிறுத்திக்கொள்வது

‘கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5. வெற்றிட வேகத்தை அதால் வகுத்தால் கண்ணாடிக்குள் வேகம்.’ அவ்வளவுதான். ஏன் என்று கேட்காதே.

இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. கேமரா லென்ஸ் வடிவமைப்பவர், கண்ணாடி இழையில் தகவல் எவ்வளவு நேரத்தில் போகும் என்று கணக்கிடும் பொறியாளர், பத்தாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் இது போதும். பொய் சொல்லாத விளக்கம் இது. தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. பின்னாளில் மறக்க வேண்டியதும் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

செலவு வேறு விதமாக வருகிறது. எண்ணை மட்டும் கொடுத்தால் மனம் சும்மா இருக்காது, தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். கனமான பொருளில் ஒளி மெதுவாகும் என்பதுதான் பெரும்பாலும் அப்படி முளைக்கும் காரணம். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது. ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.44, தண்ணீரின் எண் 1.33. இந்த ஒரு எடுத்துக்காட்டைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் அந்த முளையைக் கிள்ளிவிடலாம். எண் நிறத்துக்கு நிறம் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முப்பட்டகம் வரும்போது மாணவர் திணறுவார்.

## 2. அணுக்களில் மோதி மோதிப் போவது

நெரிசலான சந்தையில் இடித்துக்கொண்டு நடப்பவர் தாமதமாக வந்து சேர்வதுபோல, ஒளியும் அணுக்களில் பட்டுத் தெறித்துக் கோணல்மாணலாகப் போகிறதாம். பாதை நீண்டுவிடுவதால் நேரம் கூடுகிறதாம். கேட்ட உடனே மனத்தில் பதிந்துவிடும். அதுதான் இதன் ஆபத்து.

முதல் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. தெறித்துத் தெறித்து வந்த ஒளி எந்தத் திசையிலும் வெளியேறலாம். அப்படியானால் சன்னல் கண்ணாடி வழியே வெளிச்சம் தெரியும், பெயர்ப்பலகை தெரியாது. கைபேசியின் விளக்கை ஒரு கண்ணாடித் துண்டின் பின்னால் வைத்துப் பாருங்கள். விளக்கின் சின்னச் சதுரம் அப்படியே தெரியும். அதே விளக்கை விரல் நுனியால் மூடிப் பாருங்கள். விரல் முழுவதும் செக்கச்செவேலென்று ஒளிரும், ஆனால் விளக்கு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது, எலும்பின் நிழல்கூடத் தெளிவாக விழாது. மோதி மோதி வந்த ஒளி அப்படித்தான் இருக்கும்.

கண்ணாடி இழை இன்னும் கறாரான சாட்சி. தகவல் தொடர்புக்குப் பயன்படும் நல்ல இழையில் அகச்சிவப்பு ஒளி 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி மிஞ்சுகிறது. அங்கேயும் கொஞ்சம் சிதறல் நடக்கத்தான் செய்கிறது. அந்தச் சிதறல்தான் இழப்புக்கு முக்கியக் காரணம். அதாவது சிதறிய ஒளி வழியிலேயே தொலைந்துவிடுகிறது, தாமதமாக வந்து சேர்வதில்லை. வந்து சேரும் ஒளி சிதறாத ஒளி, அதுவும் வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் என்ற மெதுவான வேகத்தில்தான் வருகிறது. சிதறலையும் தாமதத்தையும் முடிச்சுப் போடவே முடியாது என்பதற்கு வேறு என்ன வேண்டும்?

ஆனால் இந்த விளக்கத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது, மூடுபனியில் முகப்பு விளக்கு ஏன் பயன்படுவதில்லை, மேகத்தின் அடி ஏன் இருண்டிருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் இதுதான் பதில். சூரியனின் மையத்தில் பிறந்த ஆற்றல் மேற்பரப்புக்கு வர, இப்படித் தட்டுத்தடுமாறி, பல்லாயிரம் ஆண்டுகள் எடுக்கிறது. மேற்பரப்பிலிருந்து பூமிக்கு வெற்றிடத்தில் 8 நிமிடம் 20 வினாடிதான். மூடுபனியின் ஒவ்வொரு துளியும் தனியே பார்த்தால் தெளிந்த நீர் என்பது ஒரு வேடிக்கை. துளிக்குள் நான்காவது விளக்கம் ஆட்சி செய்கிறது, துளிகளுக்கிடையே இரண்டாவது.

## 3. விழுங்கி உமிழ்வது

மிகப் பரவலான பதில் இதுதான். படித்தவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். ‘ஒளித்துகள் ஓர் அணுவை அடைகிறது. அணு அதை உட்கவர்ந்து சற்று நேரம் வைத்திருந்து வெளியே விடுகிறது. அடுத்த அணுவரை முழு வேகத்தில் போகிறது. அங்கே மறுபடி இதே கதை. இந்தத் தங்கல்களெல்லாம் சேர்ந்துதான் தாமதம்.’

இரண்டாவது விளக்கத்தைவிட இது நாசூக்கானது. வெற்றிடத்தோடு ஒத்துப்போகிறது, வெளியே வந்ததும் வேகம் திரும்புவதையும் சொல்லிவிடுகிறது. அதனாலேயே இதை வீழ்த்துவது கடினம் என்று தோன்றும். நான்காவது சோதனையைக் கையில் எடுங்கள்.

கிளர்ச்சியடைந்த ஓர் அணு ஒளியை வெளிவிட எவ்வளவு நேரம் எடுக்கும்? தெருவிளக்கில் மஞ்சள் ஒளி தரும் சோடியம் அணுவை எடுத்துக்கொண்டால், சராசரி 16 நானோவினாடி, அதாவது 16,000 பிகோவினாடி. 1 சென்டிமீட்டர் கண்ணாடியில் நாம் கணக்குக் காட்ட வேண்டிய மொத்தத் தாமதமோ 17 பிகோவினாடி. வழியில் ஒரே ஓர் அணு ஒரே ஒரு முறை இந்த மாதிரி விழுங்கி உமிழ்ந்தாலும் தாமதம் ஏறக்குறைய ஆயிரம் மடங்காகிவிடும். அந்த ஒரு சென்டிமீட்டரில் ஒரே வரிசையில் மட்டும் கோடிக்கணக்கான அணுக்கள் நிற்கின்றன.

இன்னும் இருக்கிறது. அணு உமிழும் ஒளிக்குத் திசை நிலையில்லை, எந்தப் பக்கமும் போகலாம். முதல் சோதனை போயிற்று. அணுக்கள் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டுமே உட்கவரும். கண்ணாடியோ சிவப்பிலிருந்து ஊதாவரை எல்லாவற்றையும் தாமதிக்க வைக்கிறது. சொல்லப்போனால், காணக்கூடிய ஒளியை உட்கவர முடியாததால்தான் கண்ணாடி ஒளி புகும் பொருளாகவே இருக்கிறது. விழுங்க முடியாததை உமிழ்கிறது என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

‘உண்மையான உட்கவர்தல் இல்லை, மெய்நிகர் உட்கவர்தல்’ என்று சிலர் சமாளிப்பார்கள். குவாண்டம் கணக்கில் அப்படியொரு பேச்சு உண்டுதான். ஆனால் அதை நேர்மையாக விரித்தால் கிடைப்பது அடுத்து வரும் நான்காவது விளக்கம்தான். அணுவில் தங்கிப் புறப்படும் துகள் என்ற படம் அதில் இருக்காது.

இந்த விளக்கத்தின் மறைமுகச் செலவு எல்லாவற்றிலும் அதிகம் என்பது என் கணிப்பு. ஒருமுறை பதிந்துவிட்டால், கல்லூரியில் நிறமாலையும் லேசரும் படிக்கும்போது ‘கண்ணாடியும் இதைத்தானே செய்கிறது’ என்ற எண்ணம் குறுக்கே வந்து நிற்கும். அசல் உட்கவர்தலும் உமிழ்தலும் நடக்கும் இடங்கள் வேறு: வரிகளை அடிக்கோடிடும் பளபளப்பு மை, குழல்விளக்கின் உட்பூச்சு, லேசர். அங்கெல்லாம் ஒளி நிறம் மாறியோ திசை மாறியோ வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், லேசர் மட்டும் அதில் தனி ரகம். அங்கே இந்த விளக்கத்தைத் தாராளமாக எடுத்தாளுங்கள்.

## 4. அலைகளின் கூட்டு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஒளி ஒரு மின்காந்த அலை. கண்ணாடிக்குள் நுழைந்ததும் அதன் மின்புலம் அங்குள்ள எலக்ட்ரான்களை அசைக்கிறது. அசையும் மின்னூட்டம் தானும் அலையை வெளிவிடும். எனவே கண்ணாடிக்குள் வந்த அலை மட்டும் இல்லை, எண்ணற்ற எலக்ட்ரான்கள் வெளிவிட்ட சிற்றலைகளும் இருக்கின்றன. எல்லாமே வெற்றிடத்தின் வேகத்தில்தான் போகின்றன. நாம் ‘கண்ணாடிக்குள் ஒளி’ என்று அழைப்பது இவை அனைத்தின் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகையின் முகடுகள் மெதுவாக நகர்கின்றன.

வேகமான அலைகளைக் கூட்டினால் மெதுவான அலை எப்படி வரும்? காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். உயரம் 1 உள்ள ஓர் அலையை எடுங்கள். மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்று அதோடு 0.1 உயரமுள்ள சிற்றலையைச் சேர்க்கிறது. ஆனால் கால் சுற்று பின்தங்கிச் சேர்க்கிறது. செங்கோண முக்கோணம் ஒன்றில் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0.1 என்று வரைந்தால் கர்ணம்தான் கூட்டலை. அதன் நீளம் 1.005, உயரம் கிட்டத்தட்ட மாறவில்லை. ஆனால் அது 5.7 பாகை சாய்ந்திருக்கிறது. முகடு அந்த அளவு பிந்திவிட்டது. படலம் இன்னும் மெல்லியதாக இருந்தால் உயரத்தில் கூடும் அந்தத் துளி வேகமாக மறைந்துவிடும், பிந்துதல் மட்டும் மிஞ்சும். அடுத்த படலம் இன்னும் சற்றுப் பிந்தவைக்கும், அதற்கடுத்தது இன்னும் சற்று. எங்கேயும் யாரும் நின்று இளைப்பாறவில்லை. ஆனாலும் முகடு மெதுவாகப் போகிறது.

இப்போது சோதனைகள்.

உருவம் ஏன் கலங்கவில்லை? சிற்றலைகள் எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. முன்னோக்கிய திசையில் மட்டும் அவை அனைத்தும் ஒத்திசைந்து சேர்கின்றன. தள்ளியிருக்கும் அணுவுக்கு ஒளி பிந்தி வந்தாலும், அதன் சிற்றலை போக வேண்டிய மிச்சத் தூரம் அந்த அளவுக்குக் குறைவு. பக்கவாட்டிலோ ஒவ்வோர் அணுவின் சிற்றலையையும் அரை அலைநீளம் தள்ளியுள்ள இன்னோர் அணுவின் சிற்றலை அடித்துவிடுகிறது. கண்ணாடிக்குள் பச்சை ஒளியின் ஓர் அலைநீளத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள் வரிசையாக இருப்பதால், அடித்துக்கொள்ள இணைக்குப் பஞ்சமில்லை. காற்றில் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் அலைவதால் இந்தக் கழித்தல் முழுமையடையாது; மிச்சம் மீதி பக்கவாட்டில் கசிகிறது. வானம் நீலமாக இருப்பது அந்தக் கசிவால்தான். ராமனும் கிருஷ்ணனும் 1928-இல் நிறம் மாறிய ஒளியைத் தேடிப் பிடித்ததும் திரவங்களிலிருந்து பக்கவாட்டில் வரும் இத்தகைய மங்கலான மிச்சத்தில்தான்.

வெளியே வந்ததும்? சேர்க்க எலக்ட்ரான்கள் இல்லை, அதனால் மேற்கொண்டு பிந்துவதும் இல்லை. வேகத்தைத் ‘திரும்பப் பெறும்’ சிக்கலே எழவில்லை.

நிறம்? இதற்கு ஒரு நூலும் சாவிக்கொத்தும் போதும். கால் மீட்டர் நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு, மேல்முனையைப் பிடித்த கையை இடமும் வலமுமாக மெல்ல அசையுங்கள். சாவி கையோடு கூடவே போய் வரும். வினாடிக்கு ஒரு முறை என்ற அளவை நெருங்க நெருங்க ஆட்டம் பெருத்து, கையில் அடங்காமல் போகும். அதையும் தாண்டி வேகமாக அசைத்தால் வினோதம்: கை வலம் போனால் சாவி இடம் போகும். எலக்ட்ரானுக்கும் இப்படி ஓர் இயற்கை அதிர்வெண் உண்டு. கண்ணாடியில் அது புறஊதாப் பகுதியில் இருக்கிறது. காணக்கூடிய ஒளி அதற்குக் கீழே; எனவே எலக்ட்ரான் ஒத்திசைந்து ஆடுகிறது. சிவப்பைவிட ஊதா அந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஆட்டம் பெரிது, சிற்றலை பெரிது, தாமதம் அதிகம். முப்பட்டகம் முடிந்தது.

சாவி எதிர்த்திசையில் ஆடிய அந்த நிலையும் கற்பனை இல்லை. எக்ஸ் கதிர்களின் அதிர்வெண் பெரும்பாலான எலக்ட்ரான்களின் இயற்கை அதிர்வெண்ணைத் தாண்டியது. அங்கே சிற்றலை முகட்டைப் பிந்தவைக்காமல் முந்தவைக்கிறது. ஒளிவிலகல் எண் 1-க்கு மிகச் சற்றுக் கீழே இறங்குகிறது. அதனால் எக்ஸ் கதிர், மேற்பரப்பை உரசுவதுபோல மிகச் சாய்வாக விழுந்தால், உலோகத்துக்குள் போகாமல் முழுதாக எதிரொளிக்கிறது. சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் விண்ணுக்குப் போன சந்திரா தொலைநோக்கியின் ஆடிகள் இந்த உரசலை நம்பித்தான் செய்யப்பட்டவை. முகடுகள் வெற்றிட வேகத்தை மிஞ்சுகின்றனவே என்று பதறத் தேவையில்லை. தகவலைச் சுமந்துவரும் அலையின் முன்விளிம்பு அந்த வேகத்தைத் தாண்டுவதில்லை. முதல் மூன்று விளக்கங்களில் எதைக்கொண்டு இதைச் சொல்வீர்கள்? மோதினாலும் தங்கினாலும் தாமதம்தான் வரும், முந்துதல் வராது.

செலவில்லாமல் இல்லை. கட்டம் (அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பது), மேற்பொருந்துதல் (அலைகள் ஒன்றோடொன்று கூடுவது) இரண்டும் தெரியாதவரிடம் இது எடுபடாது. முகடு நகரும் வேகமும் ஒரு துடிப்பு, அதாவது குறுகிய நேரமே நீடிக்கும் ஒளிக்கீற்று, நகரும் வேகமும் ஒன்றல்ல என்பதையும் ஒருநாள் சொல்லியாக வேண்டும். 1999-இல் இயற்பியலாளர் லீனே ஹாவ் குழுவினர் குளிர்வித்த சோடியம் அணுக்களுக்குள் ஒளியை வினாடிக்கு 17 மீட்டருக்குக் குறைத்தார்கள் என்ற செய்தி துடிப்பின் வேகத்தைப் பற்றியது.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டும் செலவு, ‘அப்படியானால் ஒளி மெதுவாவதே இல்லை’ என்ற அரைகுறை முடிவு. கண்ணாடிக்குள் கூட்டுத்தொகை மட்டுமே இருக்கிறது. அதிலிருந்து மூல அலையைத் தனியே பிரித்தெடுத்து வேகம் பார்க்க வழியில்லை. மெதுவாவது வெறும் தோற்றம் என்பவர் அணு உலைத் தொட்டியின் நீல ஒளியைப் பார்க்கட்டும். இயற்பியலாளர் செரன்கோவ் 1934-இல் கண்ட அந்த ஒளி, தண்ணீரில் ஒளியின் வேகத்தை எலக்ட்ரான்கள் மிஞ்சும்போது பிறக்கிறது. தோற்றத்தை முந்தி ஓட முடியுமா?

## 5. ஒளியும் பொருளும் கலந்த துகள்

‘சரி, ஒரே ஒரு ஃபோட்டானை (ஒளித்துகளை) அனுப்பினால்?’ என்று கேட்பவருக்கு மட்டும் இது. கண்ணாடிக்குள் போவது வெற்றிடத்து ஃபோட்டான் இல்லை. மின்புலமும் எலக்ட்ரான்களின் அசைவும் பிணைந்த ஒரு கூட்டு நிலை, போலரிட்டான் என்று பெயர். அதன் வேகமே குறைவு. 1992-இல் ஒற்றை ஃபோட்டான்கள் கண்ணாடியைக் கடக்கும் நேரத்தை அளந்தபோது, அலைக்கணக்கு சொல்லும் துடிப்பு வேகமே கிடைத்தது. நான்காவது விளக்கத்தோடு இதற்குச் சண்டையில்லை. அதையே குவாண்டம் மொழியில் எழுதினால் இது. குவாண்டம் இயற்பியல் படிக்காதவருக்கு இதைச் சொல்வது, தெரியாத ஒன்றுக்குத் தெரியாத இன்னொரு பெயரைக் கொடுப்பதாகத்தான் முடியும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| விளக்கம் | தெளிவான உருவம் | வெளியே வேகம் | நிறப்பிரிகை | தாமத அளவு | பின்னால் மறக்க வேண்டியது | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|---|
| எண் மட்டும் | கேள்வியே இல்லை | கேள்வியே இல்லை | அளந்து சொல்லலாம், காரணம் இல்லை | சரி | ஏறக்குறைய ஒன்றுமில்லை | லென்ஸ், இழை, தேர்வுக் கணக்கு |
| மோதல் | தோல்வி | தேறும் | சொல்லாது | சொல்லாது | நிறைய | பால், மூடுபனி, சூரியனின் உட்பகுதி |
| விழுங்கி உமிழ்தல் | தோல்வி | தேறும் | தோல்வி | ஆயிரம் மடங்கு பிழை | மிக அதிகம் | ஒளிரும் மை, குழல்விளக்கு, லேசர் |
| அலைகளின் கூட்டு | தேறும் | தேறும் | தேறும் | தேறும் | கொஞ்சம் | கண்ணாடி, நீர், வைரம், எக்ஸ் கதிர் |
| கலப்புத் துகள் | தேறும் | தேறும் | தேறும் | தேறும் | ஒன்றுமில்லை | ஒற்றை ஃபோட்டான் சோதனைகள் |

## யார் எதை எடுக்கலாம்

நடுநிலைப் பள்ளியில் எண் மட்டும் போதும். ‘ஏன்’ என்று பிள்ளை கேட்டால், ‘கண்ணாடியில் இருக்கும் எலக்ட்ரான்களை ஒளி அசைக்கிறது, அவையும் தம் பங்குக்கு ஒளியைச் சேர்க்கின்றன, சேர்ந்த மொத்தம் மெதுவாக நகர்கிறது, எப்படி என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். இது முழுமையில்லாத பதில். ஆனால் பின்னாளில் திருத்த வேண்டிய பதில் இல்லை. மோதல் கதை வாய்க்கு எளிதாக வருகிறது என்பதற்காக அதைச் சொல்லிவிடாதீர்கள்.

மேல்நிலை மாணவருக்கு மேற்பொருந்துதலும் அலையின் கட்டமும் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. நான்காவதைத் தாராளமாகச் சொல்லலாம். சாவிக்கொத்துச் சோதனையை முதலில் செய்யவைத்து, முக்கோணத்தைப் பிறகு வரையச் சொல்வது என் விருப்பம். தலைகீழாகச் செய்தால் முக்கோணம் வெறும் கணக்காகவே நின்றுவிடுகிறது.

நுழைவுத் தேர்வு எழுதுபவருக்கு விளக்கமே தேவைப்படாது. எண்ணும் ஸ்நெல் விதியும், பொருளுக்குள் போகும்போது அதிர்வெண் மாறாது, அலைநீளம்தான் சுருங்கும் என்ற செய்தியும் போதும். அந்தச் செய்தி ஏன் உண்மை என்று கேட்டால் மட்டும் நான்காவதற்கு வர வேண்டும்: எலக்ட்ரான்கள் வந்த அலையின் தாளத்தில்தான் ஆடுகின்றன, எனவே அவை தரும் சிற்றலையின் தாளமும் அதுவே.

ஒளி எந்தப் பொருளுக்குள் போகிறது என்பதைப் பார்த்துவிட்டு விளக்கத்தை எடுப்பவருக்குக் குழப்பம் வராது. மறுபக்கம் உருவம் தெளிவாகத் தெரிந்தால் நான்காவது. வெளிச்சம் மட்டும் வந்து உருவம் வராவிட்டால் இரண்டாவது. பொருள் தானே வேறு நிறத்தில் ஒளிர்ந்தால் மூன்றாவது. ஒரே பொருளில் மூன்றும் கலந்திருப்பதும் உண்டு: சற்றே கலங்கிய, சாயம் கலந்த தண்ணீரில் புறஊதா விளக்கை அடித்தால் ஒரு பகுதி நேரே போகும், ஒரு பகுதி சிதறும், ஒரு பகுதி நிறம் மாறி ஒளிரும். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் விளக்கத்தைத் தனித்தனியே சொல்ல வேண்டியதுதான்.